கல்யாணக் கடன் யார் கணக்கில்?

கரிசல் காட்டில் பணம் ஆண்டுக்கு ஒரு தடவைதான் மொத்தமாக வீட்டுக்கு வருகிறது. புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் தை பிறக்கும் நேரத்தில் களத்துக்கு வரும். மக்காச்சோளமும் பருத்தியும் மிளகாயும் அடுத்தடுத்து வரும். ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரங்களில் பெரும்பகுதி நிலம் மானாவாரி என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழைதான் அந்த வருஷத்து வரவைத் தீர்மானிக்கிறது. மழை பொய்த்தாலும் போச்சு, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டியதுபோல் ஒரேயடியாகக் கொட்டினாலும் போச்சு. செலவு இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. உழவுக்கும் விதைக்கும் ஆவணியிலேயே கையில் காசு வேண்டும், பள்ளிக்கூடம் ஜூனில் திறந்துவிடும், கல்யாணம் குதிர்ந்தால் அடுத்த முகூர்த்தத்துக்குள் முடிக்கச் சொல்வார்கள். வரவுக்கும் செலவுக்கும் நடுவில் விழும் இந்த மாதங்களைக் கடன்தான் நிரப்புகிறது.

அதனால் இங்கே கல்யாண வயதுக்கு வரும் ஆணோ பெண்ணோ கடனே இல்லாத வீட்டிலிருந்து வருவது அபூர்வம். தேசிய மாதிரி ஆய்வின் 2019 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டின் வேளாண் குடும்பங்களில் 65.1 சதவீதம் கடன்பட்டவை. இந்தியச் சராசரி 50.2. இப்படிப்பட்ட இரண்டு வீடுகள் சம்பந்தம் பேசும்போது நிலம் எவ்வளவு, பவுன் எத்தனை, பையனுக்குச் சம்பளம் என்ன என்பதெல்லாம் கூச்சமில்லாமல் பேசப்படுகிறது. கடன் மட்டும் பேசப்படுவதில்லை. யாராவது கேட்டாலும், “வண்டிக் கடன் மட்டும்தான்” என்ற ஒற்றை வரியோடு பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும்.

கல்யாணத்துக்கு முன் இருவரும் கடனையும் சேமிப்பையும் எப்படிக் கையாள்வது என்று நகரத்துக்காரர்களுக்கு எழுதப்படும் அறிவுரைகள், இருவருக்கும் தனித்தனிச் சம்பளம், தனித்தனிக் கடன், உட்கார்ந்து பேச நேரமும் இடமும் உண்டு என்று எடுத்துக்கொள்கின்றன. கரிசல் வீட்டின் நிலைமை வேறு. கடன் அப்பா பேரில் இருக்கும், மகன் சம்பளத்தில் அடையும். அம்மா பேரில் மகளிர் குழுக் கடன் இருக்கும், புதியம்புத்தூர் தையல் கம்பெனியில் மகள் வாங்கும் கூலியில் வாரத் தவணை கட்டப்படும். கல்விக் கடன் மகன் பேரில் இருக்கும், கூடவே கையெழுத்துப் போட்ட அப்பாவுக்குத்தான் வங்கியிலிருந்து போன் வரும். கடன் யார் பேரில் இருக்கிறது என்பதும் யார் கையிலிருந்து அடைகிறது என்பதும் இங்கே இரண்டு தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கு மட்டும் பதில் வாங்கிக்கொண்டு கழுத்தை நீட்டுகிற பெண்ணுக்கு, மறுவீடு முடிந்த மாதமே இரண்டாம் கேள்விக்கான பதில் தெரிந்துவிடுகிறது.

கடன்களில் எது எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது முதல் வேலை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கும் பயிர்க் கடன் இருப்பதிலேயே சாதுவானது. தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் அதற்கு வட்டியே இல்லை. கல்விக் கடனுக்குப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் அவகாசம் உண்டு. பழைய வரிமுறையில் வருமான வரி கட்டுகிறவர் தன் கல்விக் கடனுக்கு மட்டுமன்றி, கணவன் அல்லது மனைவியின் படிப்புக்காகத் தான் வாங்கிய கடனுக்குக் கட்டும் வட்டிக்கும் எட்டு ஆண்டுகள்வரை கழிவு கேட்கலாம். இவற்றை வைத்திருப்பதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. படித்த பையன், விதைத்த குடும்பம் என்பதற்கு இவை அத்தாட்சி.

தண்டலும் மீட்டர் வட்டியும் வேறு ரகம். பத்தாயிரம் தண்டல் என்றால் கையில் 8,500 கொடுத்துவிட்டு, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாளில் பத்தாயிரம் வசூலிப்பார்கள். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாக நம் கையில் இருந்த பணம் 4,250 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் 1,500 என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 130 சதவீத வட்டி. 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் தின வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் குற்றமாக்கி மூன்றாண்டுவரை சிறை என்று சொல்கிறது. சட்டம் வந்து பதினான்கு ஆண்டு கழித்து, 2017 அக்டோபரில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே உயிரை மாய்த்துக்கொண்டது. மனுமேல் மனு கொடுத்துப் பார்த்த குடும்பம் அது. துணையாக வரப்போகிறவர் வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாரா, தேதியும் தொகையும் எழுதாத செக் யாரிடமாவது இருக்கிறதா என்பதைக் கல்யாணத்துக்கு முன் கேட்டே ஆகவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். புரோநோட்டுக்கு மூன்றாண்டுக் கெடு உண்டு. தேதி போடாத நோட்டுக்கு அந்தக் கெடு எப்போது தொடங்குகிறது என்பது அதை வைத்திருப்பவர் கையில் இருக்கிறது.

வாரக் குழுக் கடனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கல்யாணத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு விதி அதில் இருக்கிறது. ஊரில் பலருக்கு அது தெரியாது. ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிகளின்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சம்வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு வாங்காமல் கடன் தரலாம். ஆனால் அந்தக் குடும்பம் கட்டும் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள் என்று விதி வரையறுக்கிறது. நேற்றுவரை பெற்றோர் கணக்கில் இருந்த பெண், தாலி ஏறியதும் அந்தக் கணக்கிலிருந்து விலகிக் கணவனோடு ஒரே கணக்காகிவிடுகிறாள். அவள் ஆத்திரத்துக்கு ஒரு கறவை மாட்டுக் கடன் கேட்டாலும் கணவன் கட்டும் பைக் தவணை, போன் தவணை, செயலிக் கடன் எல்லாம் சேர்த்தே எடைபோடப்படும். பெண் வீட்டிலோ, மகளின் கூலியை நம்பி அம்மா வாங்கிய குழுக் கடன் மகள் போனபின்னும் வாராவாரம் நிற்கும். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால், மாப்பிள்ளை வீட்டிலிருந்து மகள் ரகசியமாகப் பணம் அனுப்புவதும் அது தெரிந்து சண்டை மூள்வதும் நடக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே, “அம்மாவோட குழுக் கடன் இன்னும் ஒன்றரை வருஷம் ஓடும், வாரம் இவ்வளவு நான் அனுப்பத்தான் செய்வேன்” என்று சொல்லியிருந்தால் இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது? கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டம் நிறைவேற்றியது. அது வாசலில் வந்து கத்துகிறவரைத் தடுக்கலாம். வீட்டுக்குள் மறைத்ததைத் தீர்க்காது.

பழைய கடன்களைவிட ஆபத்தானதாக நான் நினைப்பது கல்யாணத்துக்கென்றே வாங்கும் கடனை. “கல்யாணத்துக்குத்தானே வாங்குனோம், தப்பான வழிக்கா வாங்குனோம்?” என்ற ஒரு வாக்கியம் அதற்குக் கௌரவம் கொடுத்துவிடுகிறது. ஐந்து லட்சம் வேண்டும் என்று வையுங்கள். வங்கியில் 14 சதவீதத்தில் ஐந்தாண்டுத் தனிநபர் கடனாக வாங்கினால் மாதம் சுமார் 11,630 ரூபாய் தவணை. முடிக்கும்போது ஏறக்குறைய 1,98,000 ரூபாய் வட்டியாகப் போயிருக்கும். அதே ஐந்து லட்சத்தை ஊரில் மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 15,000. ஐந்து வருஷத்தில் ஒன்பது லட்சம் கொடுத்திருப்போம், அசல் அப்படியே நிற்கும். தூத்துக்குடியில் 18,000, 20,000 சம்பளத்துக்குப் போய்வரும் பையனின் வீட்டில் இந்தப் பதினைந்தாயிரம் என்னவெல்லாம் செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மண்டபம் எது, எத்தனை பந்தி, வீடியோ எப்படி என்று தீர்மானிக்கிற இடத்தில் மாப்பிள்ளையும் பொண்ணும் இருப்பதில்லை. அடைக்கிற இடத்தில் அவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். தம்பதியாக அவர்கள் சுமக்கும் முதல் கூட்டுக் கடன், அவர்களைக் கேட்காமலே வாங்கப்பட்டது.

கல்யாணச் செலவுக்குச் சேமிக்கும் பழக்கம் இந்தப் பக்கம் உண்டு. அந்தச் சேமிப்பு யார் கையில் இருந்தது என்பதில்தான் பெண்கள் ஏமாந்தார்கள். சுமங்கலித் திட்டத்தை மறக்க முடியாது. தென் மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்கு இளம்பெண்களை அழைத்துப் போனார்கள். மூன்றாண்டு விடுதியிலேயே தங்கி வேலை பார்த்தால் கடைசியில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ கல்யாணத்துக்கு என்று மொத்தமாகத் தருவதாகப் பேச்சு. அந்தத் தொகை அவர்களுடைய கூலியிலிருந்து பிடித்துவைத்ததுதான். உடம்பு முடியாமல் இடையில் திரும்பியவர்களில் பலர் மொத்தத் தொகையை இழந்தார்கள். 2011-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை இதை உலகத்தின் பார்வைக்குக் கொண்டுபோனது. சேமிப்பின் சாவி இன்னொருவர் கையில் இருந்தால் அது சேமிப்பாகாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தமிழ்நாட்டில் இல்லை.

அரசும் தன் கணக்கை மாற்றிக்கொண்டிருக்கிறது. 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தொடங்கிய திருமண உதவித் திட்டம் 5,000 ரூபாயில் ஆரம்பித்து, பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு எட்டு கிராம் தங்கமும் என்று வளர்ந்தது. 2022-இல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்குக்கே வருகிறது. தாலிக்குத் தங்கம் போச்சே என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. எனக்கு இந்த மாற்றம் சரியென்றே படுகிறது. பதினெட்டு வயதில் தன் பேரில் ஒரு கணக்கும் அதில் மாதாமாதம் ஒரு வரவும் பார்த்த பெண், கல்யாணப் பேச்சில் வாய் திறப்பாள்.

சிறு சேமிப்பில் சீட்டுதான் இங்கே பிரபலம். பதிவுபெற்ற ஏலச்சீட்டுக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிவில்லாத ஊர்ச்சீட்டுக்கும் தீபாவளிச் சீட்டுக்கும் நடத்துகிறவரின் முகம் மட்டுமே ஜாமீன். நகைக்கடைச் சீட்டுகள் பதினொரு மாதத்தோடு முடிவதற்குக் காரணம், ஓராண்டுக்கு மேல் முன்பணம் வைத்திருந்தால் அது வைப்புநிதியாகக் கருதப்படும் என்ற விதி. அந்தப் பணத்துக்கு வங்கி வைப்புக்கு உள்ள காப்பீடு கிடையாது. அஞ்சலகத் தொடர் வைப்பில் 6.7 சதவீத வட்டியில் மாதம் 2,000 கட்டினால், கட்டிய 1,20,000 ஐந்தாண்டு முடிவில் சுமார் 1,42,700 ஆகும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஓட்டப்பிடாரம் தபால் நிலையத்தில் கட்டிய பணம் எங்கும் ஓடிப்போகாது.

நகைக்கு வருவோம். 2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் பத்துப் பவுன் போட்ட வீடு ஒன்பது லட்சத்தைப் பெண்ணின் கழுத்தில் ஏற்றியது. அந்த நகை சீதனமாக அவளுக்கே சொந்தம், கணவன் வீட்டில் இருப்பதால் அவர்களுடையதாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்பளித்தது. நடைமுறை என்ன? கல்யாணமாகி ஆறு மாதத்துக்குள் ஆரமும் நெக்லஸும் அடகுக்குப் போகின்றன. போகட்டும், சில சமயம் அதுதான் புத்திசாலித்தனம். மூன்று வட்டிக் கடனை வைத்துக்கொண்டு நகையைப் பீரோவில் பூட்டுவது வீண். வங்கியில் ஒன்பது, பத்து சதவீதத்துக்கு நகைக் கடன் கிடைக்கிறது. எனக்குள்ள அக்கறை அடகுச் சீட்டு யார் பேரில் இருக்கிறது என்பதில். நகை அவளுடையது என்றால் கடனும் சீட்டும் அவள் பேரில் இருக்க வேண்டும், எந்தக் கடனை அடைக்க வைத்தோம், எந்த அறுவடையில் மீட்போம் என்று இருவரும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையின் கடனை அடைக்க இவ்வளவு ரொக்கம் வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பே பெண் வீட்டில் கேட்பது வேறு விஷயம். அதற்கு என்ன பெயர் வைத்தாலும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது வரதட்சணை. கேட்டாலே ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுவரை சிறை.

சட்டத்தைப் பொறுத்தவரை, கல்யாணம் ஒருவரின் பழைய கடனை மற்றவர் தலையில் கட்டுவதில்லை. கணவன் தனியாக வாங்கிய கடனுக்கு மனைவி பொறுப்பில்லை, மனைவியின் கடனுக்குக் கணவனும் இல்லை. கூட்டுக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போட்டால் மட்டும் முழுப் பொறுப்பு வரும். இறந்தவரின் கடன்கூட அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகளைப் பிடிக்கும். புதுப்பெண்ணிடம் விருந்து மாதத்திலேயே, “சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்து” என்று வாங்கப்படும் கையெழுத்துகள் பல சாட்சிக் கையெழுத்தாக இருப்பதில்லை. படித்துப் பார்க்காமல் போடாதே, தாயி.

வேறு இடத்துத் தமிழர்கள் இதை வேறுவிதமாக ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தின் தேசவழமைச் சட்டம், டச்சுக்காரர்கள் 1707-இல் எழுத்தில் தொகுத்தது, முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தைப் பிரித்து வைத்தது. கொண்டுவந்தது எது, சேர்ந்து தேடியது எது என்ற வேறுபாடு அங்கே சட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் யார் பேரில் இருக்கிறதோ அவருடையது என்பதுதான் நிலை. ஆகவே இருவர் உழைப்பில் வாங்கும் மனைக்கட்டு கணவன் பேரில் மட்டும் பத்திரமானால் பெண்ணின் பங்கு கண்ணுக்குத் தெரியாமல் போகும். சிங்கப்பூரில் கல்யாணம் நிச்சயமான இருவர் சேர்ந்து அரசு வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அப்போதே இருவரின் வருமானமும் கடன்களும் மேசைக்கு வந்துவிடும், மாதத் தவணை மொத்த வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற கணக்கும் கூடவே வரும். கணக்குப் பேசுவது காதலுக்கோ மரியாதைக்கோ குறைவு என்று அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் யாரும் நினைப்பதில்லை.

எந்தச் சட்டத்திலும் வங்கிக் கணக்கிலும் வராத ஒன்று பாக்கி இருக்கிறது, செய்முறை. கல்யாணத்தில் மொய் எழுதும் நோட்டைப் பிரித்துப் பார்த்தால் ஊர், பேர், தொகை, சிலவற்றுக்கு எதிரில் பழைய தொகை என்று கடன் பேரேடாகவே இருக்கும். 500 செய்தவருக்குக் குறைந்தது 1,000 திருப்பிச் செய்ய வேண்டும். கல்யாணச் செலவில் ஒரு பகுதியை மொய் ஈடுகட்டும் என்று கணக்குப் போடுகிறவர்கள், அதுவும் கடன்தான் என்பதையும், அடுத்த இருபது வருஷத்து ஆவணியிலும் தையிலும் திருப்பிக் கேட்கும் என்பதையும் கணக்கில் சேர்ப்பதில்லை. தனிக்குடித்தனம் போகும்போது அந்த நோட்டில் எது அப்பா செய்ய வேண்டியது, எது மகன் செய்ய வேண்டியது என்று பிரித்துக் கொடுத்த பெரியவர்கள் உண்டு. நல்ல வழக்கம், வளர வேண்டும்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது என் கருத்து இது. கடனைப் பொறுத்தவரை இருவரும் முழுதும் சொல்லிவிட வேண்டும்: தொகை, வட்டி, யார் பேரில், யார் கட்டுகிறார், எப்போது முடியும். சேமிப்பில் அதே விதி பெண்ணுக்குப் பொருந்தாது. தன்னிடம் இருப்பதை அவள் சொல்லலாம். ஆனால் ஏடிஎம் அட்டையும் பாஸ்புக்கும் வைப்புச் சான்றும் அவளிடமே இருக்கட்டும். கல்யாணத்துக்கு முன் கூட்டுக் கணக்கு தேவையில்லை. நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவிலுள்ள மாதங்களில் இருவரும் தத்தம் பேரில் ஒரே தொகையைத் தொடர் வைப்பில் கட்டி வரட்டும். ஒருவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவரா என்பது அதிலேயே தெரிந்துவிடும். சமத்துவம் பேசுகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு ஒருதலையாகப் படலாம். நகையும் ரொக்கமும் பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் திசை மாறாதவரை இந்தப் பாதுகாப்பு அவளுக்கு வேண்டும்.

கடன் விவரத்தை எழுதிவைப்பது அவமானம் என்று தயங்குகிறவர்களுக்கு ஓட்டப்பிடாரத்திலேயே ஒரு முன்னோடி இருக்கிறார். கப்பல் கம்பெனி நடத்திச் செக்கிழுத்து எல்லாம் இழந்த வ.உ.சிதம்பரனார் 1936 நவம்பர் 18 அன்று மறைந்தார். அதற்கு முன் எழுதிவைத்த உயிலில், யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று தம் கடன்களைக் குறித்துவைத்தார். தமக்குப் பின் குடும்பம் இருட்டில் தடுமாறக் கூடாது என்ற எண்ணம் அந்த மனிதருக்கு இருந்தது. சாகும்போது அவரால் எழுத முடிந்ததை, வாழப்போகும்போது நம் பிள்ளைகளால் எழுத முடியும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நிச்சயத்துக்கு முன் பையனையும் பொண்ணையும் ஒரு மணி நேரம் தனியே உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பேச விடுங்கள். மூன்று வட்டிக்குக் கடன் வாங்கித்தான் நாள் குறிக்க முடியும் என்றால் ஒரு அறுவடை தள்ளிப் போடுங்கள், அல்லது கோவிலில் தாலி கட்டி வீட்டு வாசலில் பந்தி வையுங்கள். பிள்ளைகளுக்கும் ஒன்று. சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. பான் எண்ணும் போனும் இருந்தால் போதும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இருவரும் அதை எடுத்து ஒருவருக்கொருவர் காட்டிவிடுங்கள்.